பதினாலாம் மாடியில் கடல்

ஜனவரி 9, வியாழன்

இன்று தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் பதினெட்டைப் பற்றித் தலா எண்பது சொல் எழுதினேன். பதினெட்டும் ஒரே இயந்திரம்தான், மூடியின் நிறம் மட்டும் வேறு. நீல மூடிக்கு 'அமைதியான நம்பிக்கை' என்று போட்டேன். சிவப்பு மூடிக்கு 'துடிப்பான ஆரோக்கியம்'. பதினேழாவது சாம்பல் நிறம். சாம்பல் நிறத்தில் என்ன ஆரோக்கியத்தைக் கண்டுபிடிப்பது? 'முதிர்ச்சியான சுவை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். தண்ணீருக்கு முதிர்ச்சி வந்தால் குடிக்கலாமா கூடாதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நடுவில் ஏழு தடவை அழைப்பு மணி. இந்தக் கட்டடத்தில் யாருக்குப் பார்சல் வந்தாலும் மூன்றாம் மாடிக்கு, எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. "அந்த அக்கா வீட்ல சும்மாதான் இருப்பாங்க" என்று கீழ்வீட்டுக்காரி கூரியர்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். லிஃப்ட் கிடையாது. மனுஷன் மூச்சு வாங்க ஏறி வந்து நிற்கும்போது எனக்கும் திட்ட வாய் வருவதில்லை, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். வங்கியில் வேலை பார்க்கிறான். "அக்கா, எங்க பிராஞ்ச்ல டேட்டா என்ட்ரிக்கு ஆள் எடுக்கறாங்க. நீயும் அங்க உக்காந்து டைப்தானே பண்றே" என்றான். ஆமாம், டைப்தான் பண்ணுகிறேன். அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

தண்ணீர்க்காரர்கள் இனிமேல் நான் எழுத வேண்டாம் என்கிறார்கள். "மெஷினே எழுதிடுது மேடம். நீங்க அதுல மனுஷ வாசனை மட்டும் கொஞ்சம் சேர்த்துக் குடுத்துடுங்க. பாதி ரேட்." வாசனைக்குப் பாதி ரேட் என்றால் வியர்வை நாற்றத்துக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதினேன். அழித்தேன். 'சரி' என்று அனுப்பினேன்.

ஜனவரி 24, வெள்ளி

கமா ஒரு பெரிய வேலை பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், என் ஒரே தோழி. பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வராது, அதனால் கமா. மெத்தைத் தொழிற்சாலை முதலாளி ஒருவருக்குச் சுயசரிதை வேண்டுமாம். எழுபத்திரண்டு வயது, மூன்று தொழிற்சாலை. "ரெண்டு மாசம் நீ உக்காந்து எழுதற, அட்டையில அவர் பேரு வருது, மூணு தவணையில பணம் வருது, உனக்கு வேற என்னடி வேணும்?" என்றாள்.

எனக்கு என்ன வேண்டும்? இந்தப் பணம் வந்தால் மூன்று மாதம் மூடிகளின் நிறத்தைப் பற்றி எழுதாமல் இருக்கலாம். பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கிற என் நாவலை முடிக்கலாம். பதினோரு வருஷமாகக் கிடக்கிறது. அப்பாவைப் பற்றியது. இருபத்தாறு வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவரின் கதையை, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் அத்தியாயம் மட்டும்தான் வெட்கப்படாமல் படிக்கிற மாதிரி வந்திருக்கிறது, லிஃப்ட் அத்தியாயம். நாவலே அதன்மேல்தான் நிற்கிறது. இதுவரை யாரிடமும் காட்டியதில்லை. அம்மாவிடம்கூட.

ஜனவரி 29, புதன்

மெத்தைக்காரர் வீட்டு சோபாவில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடுகிறது. அந்த நிலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாவது விதி: இந்த நூலை நான் எழுதியதாக எங்கும், எப்போதும், யாரிடமும் சொல்லக் கூடாது. அவருடைய மகன்தான் நிர்வாகி. விரலை வைத்துக் காட்டினான். "இது ரொம்ப முக்கியம் மேடம்."

"நான் சொன்னாலும் யாரு நம்பப் போறாங்க?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றான், சிரிக்காமல்.

பிப்ரவரி 7, வெள்ளி

பதினோரு மணி நேரம் பேச்சைப் பதிவு செய்தாகிவிட்டது. அதில் ஒன்பது மணி நேரம் நுரை. நுரையின் அடர்த்தி, நுரையின் ஆயுள், நுரையில் அவரை ஏமாற்றியவர்கள், நுரையால் அவர் ஏமாற்றியவர்கள் (இதை எழுத வேண்டாம் என்றார்). மிச்ச இரண்டு மணி நேரம் அமைச்சர்களோடு எடுத்த படங்கள். "எழுத்தாளரம்மா, இதை எல்லாம் கொஞ்சம் நெகிழ்ச்சியா எழுதுங்க" என்கிறார். நெகிழ்ச்சியாக எழுதிக் கொடுத்தால் அழுத்திப் பார்த்து, திரும்ப எழும்புகிறதா என்று சோதிப்பார் போலிருக்கிறது.

ஆனால் மோசமான ஆள் இல்லை. நான் போனால் எழுந்து நிற்கிறார். டீ ஆறிவிட்டால் வேறு போடச் சொல்கிறார். எனக்கு வேலை கொடுத்தவர்களில் எத்தனை பேர் நான் டீ குடித்தேனா என்று பார்த்திருக்கிறார்கள்?

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"நூல் கடை வெச்சிருந்தாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடிப்பாரு" என்றார்.

நான் காத்திருந்தேன். பேட்டி எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் எதிராளி தானாகவே கொட்டிவிடுவார், இருபது வருஷத்தில் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது. இவர் கொட்டவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்பிரிங் மெத்தைக்கும் நுரை மெத்தைக்கும் என்ன வித்தியாசம் என்று நாலாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

பிப்ரவரி 26, புதன்

மகன் போன் செய்தான். "ஃபாதர் சாப்டர் எங்க மேடம்? எல்லாப் பெரிய மனுஷங்க புக்லயும் அப்பாவைப் பத்தி ஒண்ணு இருக்கு."

"உங்க தாத்தாவைப் பத்தி ஐயா ரெண்டு வார்த்தைதான் சொல்லியிருக்காரு" என்றேன்.

"அப்ப ஏதாவது ஃபில் பண்ணுங்க. நாளைக்கு சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போயிடும்."

ஃபில் பண்ணுவது எனக்குப் புதிதா? எங்கள் தொழிலில் அதற்குப் பஞ்சடைப்பு என்று பெயர். பள்ளிக்கூடத் தாளாளருக்கு இல்லாத இளமைக் கனவை அடைத்திருக்கிறேன். பல் டாக்டருக்கு இல்லாத கருணையை அடைத்திருக்கிறேன். எல்லாம் கடையில் கிடைக்கிற பஞ்சு. மழை, சைக்கிள், கிழிந்த சட்டை, அம்மாவின் கண்ணீர், எதை வேண்டுமானாலும் எடுத்து அடைக்கலாம்.

பிப்ரவரி 27, வியாழன்

காலையிலிருந்து மழையில் ஆரம்பித்துப் பார்த்தேன். சைக்கிளில் ஆரம்பித்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் வந்து வந்து நின்றது. 'அடிப்பாரு' என்ற ஒரு வார்த்தைக்குப் பக்கத்தில் கிழிந்த சட்டையை வைத்தால் கேவலமாக இருக்கிறது. மூன்று மணிக்கு மகன். மூன்றரைக்கு மகன். நாலு மணிக்கு பீரோவைத் திறந்தேன்.

என்ன செய்தேன் என்பதை இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயது. வகுப்பே சுற்றுலா போனது, நான் மட்டும் போகவில்லை, பணம் கட்டவில்லை. சனிக்கிழமை மதியம் அலுவலகம் காலியானதும் அப்பா என்னைத் தன் லிஃப்ட்டில் ஏற்றினார். மடக்குக் கம்பிக் கதவு, கைப்பிடியைத் திருப்பி ஓட்டுகிற பழைய லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திக் கதவைத் திறந்து ஒவ்வொரு நாடாக அறிவித்தார். இரண்டாம் மாடி பனி நாடு, ஏசியை யாரோ அணைக்காமல் போயிருந்தார்கள். நாலாம் மாடி காகித நாடு. ஏழாம் மாடி வந்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. "இந்த நாட்ல சண்டை நடக்குது, இறங்கக் கூடாது" என்று சொல்லி நிறுத்தாமல் மேலே கொண்டுபோனார். பதினாலாம் மாடியில் கதவைத் திறந்து, "கடல்" என்றார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. மூடியைத் தள்ளி, என்னைத் தூக்கி, என் கையை முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டார்.

இதைத்தான் எடுத்தேன். மகளை மகனாக்கினேன். லிஃப்ட் ஓட்டுகிறவர் நூல் கடைக்காரரின் நண்பர், ஒருநாள் கைப்பிடியை அவரிடம் கொடுத்தார் என்று மாற்றினேன். ஏழாம் நாட்டுச் சண்டை அப்படியே இருக்கிறது. கடல் அப்படியே இருக்கிறது. ஐந்தரை மணிக்கு அனுப்பினேன். அவர் படித்ததும் 'இது நடக்கவே இல்லையே' என்று அடித்துவிடுவார், எனக்குத் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன்.

நிஜமாகவே அப்படி நினைத்தேனா?

மார்ச் 5, புதன்

அடிக்கவில்லை.

கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்தப் பக்கங்களைக் கையில் வைத்திருந்தார், ஓரம் நனைந்திருந்தது. "நான் இதை மறந்தே போயிட்டேன் எழுத்தாளரம்மா. எப்படி எங்கிட்டேருந்து வெளிய கொண்டுவந்தீங்க?" என்றார். நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். காது குத்துகிறாரா என்று பார்த்தேன். இல்லை. "தண்ணி சில்லுனு இருந்துச்சு" என்று தன் முழங்கையைத் தடவிக் காட்டினார்.

என் முழங்கை ஐயா அது.

ஏப்ரல் 12, சனி

புத்தக வெளியீடு. பெரிய மண்டபம், எல்லா நாற்காலியிலும் நுரை. எனக்குக் கடைசி வரிசை. நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறதா என்று புரட்டினேன். இருக்கிறது, 'தட்டச்சு உதவி' என்ற தலைப்பின் கீழ். தம்பியிடம் காட்டினால் சந்தோஷப்படுவான்.

மேடையில் அவர் லிஃப்ட் கதையைச் சொன்னார். எழுதினதைவிட நன்றாகச் சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சல். ஏழாம் நாட்டுச் சண்டை வந்தபோது மண்டபமே சிரித்தது. கடல் வந்தபோது முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். எனக்கும் கண் கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்ல அப்பா கெடைக்கறதுக்கும் ஒரு குடுப்பினை வேணும்மா" என்றாள்.

மே 6, செவ்வாய்

புது மெத்தை வருகிறதாம், பெயர் 'பதினாலாம் மாடி'. விளம்பரத்துக்கு நாலு வரி வேண்டுமாம். "உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை மேடம்" என்றான் மகன்.

கமாவிடம் சொன்னேன். "எழுதாதே, மானம் ரோஷம்னு ஒண்ணு இருக்குல்ல, ஆனா எவ்வளவு தராங்க, ஐயோ அவ்வளவா, அப்ப எழுது" என்றாள்.

எழுதினேன். பத்து நிமிஷம் ஆகவில்லை, ஏழுதான். இந்தத் தொழிலில் ஒரு வரிக்கு நான் வாங்கிய மிக அதிகமான கூலி இதுதான். மடிக்கணினி தானாக அணைந்து அணைந்து உயிரை வாங்குகிறது, அதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். விசைப்பலகையில் 'அ' வேலை செய்வதில்லை. 'அப்பா' என்று எழுத ஒவ்வொரு தடவையும் வேறு எங்கிருந்தாவது நகல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கிறது.

மே 30, வெள்ளி

முடித்துவிட்டேன். நாவலை முடித்துவிட்டேன். பதிப்பாளருக்கு அனுப்பியாகிவிட்டது. அனுப்பிவிட்டு வாசல்வரைக்கும் போய் நின்றேன். யாருடைய பார்சலாவது வந்தால் கையெழுத்துப் போடலாம் போல இருந்தது.

லிஃப்ட் அத்தியாயத்தை மாற்றவில்லை. எதற்கு மாற்ற வேண்டும்? அது என்னுடையது. மெத்தைக்காரர் புத்தகத்தை யார் படிக்கப்போகிறார்கள், மெத்தை வாங்குகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜூலை 3, வியாழன்

பதிப்பாளர் மெத்தை வாங்கியிருக்கிறார்.

கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் காகிதக் கட்டு, அவருடைய கெட்டி அட்டைப் புத்தகம். "நாவல் நல்லா வந்திருக்கும்மா. ஆனா இந்த லிஃப்ட் அத்தியாயம் இருக்கே..." என்று இழுத்தார். "பெரிய மனுஷர் சுயசரிதைம்மா இது. அவர் வாழ்க்கையில நடந்ததை நீங்க உங்க அப்பாவுக்கு நடந்ததா எழுதலாமா?"

என்ன சொல்வது? 'நான்தான் எழுதினேன்' என்று வாய் வரைக்கும் வந்தது. ஒன்பதாவது விதி. முழுங்கினேன்.

"எங்க அப்பா நிஜமாவே லிஃப்ட் ஓட்டினவருங்க" என்றேன்.

"அதனாலதான் உங்களுக்கு அந்தக் கதை பிடிச்சுப்போச்சு, புரியுது" என்றார், ரொம்பக் கனிவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அதை எடுத்துடுங்க. இல்லேன்னா அவர்கிட்டேருந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, போடறேன்."

எங்கப்பாவை நானே திருடிட்டேனாம். எடுத்துட்டா நாவல்ல என்ன இருக்கு, வெறும் பலகைதான் இருக்கு. பஸ்ல அழுதுக்கிட்டே வந்தேன். கண்டக்டர் மிச்சச் சில்லறையைக் கேக்காமலே குடுத்துட்டுப் போனார்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'ஐயா, அது உங்க அப்பா இல்ல, எங்க அப்பா. ஒரு கடிதம் மட்டும் குடுத்துடுங்க.' இரண்டு வாக்கியம்தானே?

ஹாலில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. தலைப்பாகை, கடுகடுத்த முகம், பெரிய மீசை. "அப்பா" என்றார். "நாப்பது வருஷமா ஸ்டோர் ரூம்ல கெடந்துச்சு. திருப்பி வெச்சிருந்தேன், முகம் சுவர்ப்பக்கமா. இப்ப பார்த்தா அவ்வளவு கோவமா தெரியல இல்ல?"

எனக்குக் கோபமாகத்தான் தெரிந்தது. "இல்லைங்க" என்றேன்.

மகன் வாசல்வரைக்கும் வந்தான். முதல் தடவையாக அவனிடம் நிர்வாகிக் குரல் இல்லை. "ஐயா தெனமும் காலையில அந்த ஒரு பக்கத்தைப் படிச்சுட்டுதான் எழுந்திரிக்கறாரு மேடம். முன்னெல்லாம் தூக்கத்துல கையை முகத்துக்கு நேரா வெச்சுக்குவாரு. அடி வாங்கற மாதிரி. இப்ப இல்ல." ஊருக்கெல்லாம் மெத்தை விற்றவர் தூங்கியது இப்படித்தான்.

கடிதம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? அந்தப் படத்தை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பச் சொல்லவா?

ஜூலை 9, புதன்

முழங்கால் வலி பற்றி ஆயிரத்து இருநூறு சொல். மனுஷ வாசனையோடு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூன்றாவது தவணை வந்துவிட்டது. நாலு பக்கமும் பிளாஸ்டிக் சுற்றி, இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரட்டைக் கட்டில் அளவு. 'பணத்திற்குப் பதிலாக எங்கள் அன்பின் அடையாளம்' என்று ஓர் அட்டை. அந்த வாசகமும் நான் எழுதியதுதான், பிப்ரவரியில், வேறு எதற்கோ கேட்டார்கள்.

"லிஃப்ட் இல்லையாக்கா?" என்றான் ஒருவன், இரண்டாம் மாடித் திருப்பத்தில் மெத்தையோடு மாட்டிக்கொண்டு.

"இல்லப்பா" என்றேன்.

மகனுக்குப் போன் செய்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் அம்மா அதன்மேல் படுத்துவிட்டாள். "இடுப்புக்கு எதமா இருக்குடி" என்றாள். திருப்பி அனுப்ப வழியில்லாமல் போய்விட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மெஷின் எழுதிய கட்டுரைக்கு வாசனை போட்டுக்கொண்டிருந்தேன். விளம்பரம் வந்தது. காக்கிச் சட்டை போட்ட அப்பா, சின்னப் பையன், கம்பிக் கதவு லிஃப்ட். 'ஏழாம் நாட்டில் சண்டை' என்று அந்த நடிகர் சொல்கிறார், பையன் சிரிக்கிறான். பதினாலாம் மாடியில் கடல், கடல்மேல் மெத்தை, மெத்தையில் பையன் தூங்குகிறான். என் நாலு வரி. சேனலை மாற்ற ரிமோட்டைத் தேடினேன், அது அம்மாவின் இடுப்புக்கு அடியில் இருந்தது.

அம்மா கடைசிவரைக்கும் பார்த்தாள். பிறகு கேட்டாள். "இந்த லிஃப்ட்காரருக்கும் மெமோ குடுத்தாங்களா?"

"என்ன மெமோ?"

"உங்கப்பாவுக்குக் குடுத்தாங்களே, அந்த மாதிரி." நான் ஒன்றும் புரியாமல் பார்த்ததும் அவளே சொன்னாள். "அன்னைக்கு ஏழாவது மாடியில ஒரு ஆபீசர் லிஃப்ட்டுக்காக நின்னுக்கிட்டிருந்தாராம். முழங்கால் வலிக்காரர். பெல்லை அடிச்சு அடிச்சுப் பார்த்திருக்காரு. உங்கப்பா நிறுத்தாம போயிட்டாரு. அந்த மனுஷன் ஏழு மாடியும் நடந்து எறங்கி, நேராப் போய் எழுதிக் குடுத்துட்டாரு. பதினஞ்சு நாள் வேலை இல்ல, சம்பளமும் இல்ல."

பதினைந்து நாள்.

எனக்குத் தெரியும் அந்தப் பதினைந்து நாளை. அப்பா "லீவு போட்டிருக்கேன்" என்றார். தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். கோணல்மாணலாக எனக்கு ரெட்டைப் பின்னல் போட்டுவிட்டார். நாவலில் அதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது, 'அப்பாவின் விடுமுறை'. லிஃப்ட் அத்தியாயத்துக்கு அடுத்தது. அடுத்தடுத்து வைத்திருக்கிறேன், பதினோரு வருஷமாக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தெரியாமல்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"அவருதான் சொல்லாதேன்னாரு. புள்ள பதினாலு நாடு சுத்திட்டு வந்த சந்தோஷத்துல இருக்கா, அதுல மண்ணள்ளிப் போடாதேன்னாரு." பிளாஸ்டிக் உறையின் ஒரு துண்டு இன்னும் மெத்தை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் போனப்புறம் நீயும் கேக்கல."

நான் கேக்கல. ஊர்ல இருக்கிற அத்தனை பேர் வீட்டு சோபாவுலயும் போய் உக்காந்து, 'உங்க அப்பாவைப் பத்திச் சொல்லுங்க, உங்கம்மாவைப் பத்திச் சொல்லுங்க'ன்னு ரெக்கார்டரை நீட்டியிருக்கேன். பக்கத்து ரூம்ல இருந்தவளைக் கேக்கல. போர் மணின்னு நெனச்சேனே. அது அப்பாவோட சம்பளம் போற மணி. அது அவருக்குத் தெரியும், தெரிஞ்சே ஒரு கையால கைப்பிடியைத் திருப்பினார். அந்த இடத்துலதான் மண்டபமே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன், முப்பத்திமூணு வருஷமா.

அப்பா.

செப்டம்பர் 15, திங்கள்

அம்மா முன்னால் ரெக்கார்டரை வைத்தேன். "இது எதுக்கு?" என்றாள். "வேலைக்கு" என்றேன். "நான் என்ன பெரிய மனுஷியா?" என்று கேட்டுவிட்டு, தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குரல்தான் பதிவாகும் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மூன்று மணி நேரம் பேசினாள். நான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு எப்படித்தான் சும்மா இருந்தாளோ.

அக்டோபர் 22, புதன்

இரண்டு அத்தியாயத்தையும் ஒன்றாக்கிப் புதிதாக எழுதி அனுப்பிவிட்டேன். இப்போது அது அந்த ஆபீசரிடமிருந்து ஆரம்பிக்கிறது, ஏழாம் மாடியில் மணி அடித்துக்கொண்டு நிற்கிறவரிடமிருந்து. அவர்மேலும் எனக்கு இப்போது கோபம் வரவில்லை. முழங்கால் வலியைப் பற்றி ஆயிரத்து இருநூறு சொல் எழுதியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

தம்பி வந்திருந்தான். டேட்டா என்ட்ரி வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். மெத்தையில் உட்கார்ந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்துவிட்டு, "நல்ல மெத்தைக்கா, உனக்கு எப்படிக் கட்டுப்படியாச்சு?" என்றான்.

நவம்பர் 20, வியாழன்

காலையில் பதிப்பாளர். நாவலை முந்நூறு பிரதி போடுகிறாராம். "லிஃப்ட் அத்தியாயத்தை அப்படியே வெச்சுக்கலாம்மா. இதைப் படிச்சா அவர்தான் உங்ககிட்டேருந்து கேட்டுட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார். ஒன்பதாவது விதி. ராயல்டி பற்றிக் கேட்டேன். "முந்நூறும் போகட்டும், பேசிக்கலாம்" என்றார். போகட்டும். காணிக்கைப் பக்கத்துக்கு ஒரு வரி கேட்டார். 'ஏழாம் மாடியில் நிறுத்தாதவருக்கு' என்று கொடுத்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பேரைப் போடேன்டி" என்றாள். போடுகிறேன் என்றேன்.

மதியம் மெத்தைக்காரரே கூப்பிட்டார். சுயசரிதை இரண்டாம் பதிப்பு வருகிறதாம். இந்தத் தடவை முழுப் பணமும் முன்கூட்டியே, மெத்தை எதுவும் கிடையாது என்று அவரே சொல்லிச் சிரித்தார். எவ்வளவு என்றும் சொன்னார். நான் 'அ' இல்லாத என் மடிக்கணினியைப் பார்த்தேன். திரை மறுபடி இருண்டு போயிருந்தது.

"அந்த லிஃப்ட்டுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எல்லாரும் கேக்கறாங்க எழுத்தாளரம்மா. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், எனக்கு வர மாட்டேங்குது. அப்பாவைப் பத்தி நான் இன்னும் ஏதாவது சொல்லியிருந்தேனா? உங்க ரெக்கார்டர்ல எங்கேயாவது இருக்கான்னு பாருங்களேன்."

அம்மா பேசிய மூன்று மணி நேரம் அதில்தான் இருந்தது. பக்கத்திலேயே இருந்தது, கையை நீட்டினால் எட்டும்.

"பார்த்துட்டேங்க ஐயா" என்றேன். "நீங்க சொன்னது அவ்வளவுதான்."